ஐம்பது ரூபாய் விண்டோஸும் இலவச லினக்ஸும்

இந்தியாவுக்கு முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய ஊர் கல்கத்தா. மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் கழகம் 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற இயந்திரத்தை வரவழைத்து பராநகர் வளாகத்தில் வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் நாட்டின் யூரல் வந்தது. 1966இல் அந்தக் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1 என்ற கம்ப்யூட்டரைத் தாங்களே உருவாக்கினார்கள். அதே அறுபதுகளில், அதே ஊரில், எல்.ஐ.சி.யின் இலாகோ ஹவுஸ் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையக் கூடாது என்று ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் காத்தார்கள். இயந்திரத்தை முதலில் கொண்டுவந்ததும், அதை வாசலில் மறித்ததும் ஒரே ஊர்தான். கல்கத்தாக்காரர்களிடம் கேட்டால் இரண்டையும் பெருமையாகவே சொல்வார்கள்.

என் அப்பா பிட்மன் சுருக்கெழுத்தை நம்பி கும்பகோணத்திலிருந்து ரயிலேறி இங்கே வந்தவர். அந்தத் தலைமுறையில் கல்கத்தாவின் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு ஸ்டெனோ என்றால் மதராஸிதான். லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் குடியேறியதற்கு அந்தச் சுருக்கெழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எண்பதுகளில் நானும் டல்ஹௌசி ஸ்கொயர் பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எங்கள் பொடோபாபு, அதாவது தலைமை குமாஸ்தா, இலாகோ ஹவுஸ் வாசலில் காவலுக்கு நின்ற ஒருவருடைய மருமகன். தொண்ணூறுகளில் முதல் கம்ப்யூட்டர் எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது அவர் மாமனாருக்கு மரியாதை செய்யும் விதமாக அதைத் தொட மறுத்துவிட்டார். அதனால் அது என் மேஜைக்கு வந்தது. டைப்பிஸ்ட் கையில் கீபோர்டைக் கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அன்றைய முதலாளிகள் நம்பினார்கள்.

எனக்கு வந்தது ஆபீஸால் அல்ல, சாந்தினியால்.

கல்கத்தாவின் சாந்தினி சௌக் அதற்கு வெகுகாலம் முன்பே சாமான்களின் சந்தை. மின்விளக்கு, மோட்டார், ரேடியோ வால்வு, ஆம்ப்ளிஃபயர் பாகம் என்று எதைத் தேடினாலும் மதன் ஸ்ட்ரீட்டிலோ அதன் முடுக்குகளிலோ கிடைக்கும். மெட்ரோ ரயில் சாந்தினியைத் தொட்ட அதே தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரும் அந்தத் தெருக்களைத் தொட்டது. நேற்றுவரை டேப்ரெக்கார்டருக்கு சால்டரிங் செய்த பையன்கள் மதர்போர்டை மாற்றப் பழகினார்கள். யாருக்கும் பட்டம் கிடையாது. ஆனால் ஹார்ட் டிஸ்க் எழுப்பும் சத்தத்தைக் கேட்டே இது எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்லக்கூடியவர்கள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணேஷ் சந்திர அவென்யூ வழியாக நடந்து போய் அவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். "தாதா (அண்ணா), இதைப் பிடி" என்று ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் படித்த கல்லூரி அதுதான்.

அங்கே நடைபாதையில் விண்டோஸ் சி.டி. ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. கூடவே ஆபீஸ், ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் எல்லாம். சீரியல் நம்பரை அட்டைமேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருப்பார்கள். லினக்ஸின் குறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேல்நாட்டில் இலவச இயங்குதளம் போட்டியிட்டது, நூறு இருநூறு டாலர் கொடுத்து வாங்க வேண்டிய ஒரு பொருளோடு. இங்கே அதன் போட்டியாளனுக்கு விலை ஐம்பது ரூபாய். இலவசம் என்ற ஒரே ஆயுதமும் சாந்தினியில் மொக்கையாகிப் போனது.

அப்படியிருந்தும் எங்கள் ஆபீஸ் ஏன் லினக்ஸுக்கு மாறியது? பயத்தினால். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்குக் குறைந்தது ஏழு நாள் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் என்றது அதன் 63பி பிரிவு. கொஞ்ச காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாயிரத்தை ஒட்டி, அந்த ஆபீஸில் ரெய்டு, இந்த ஆபீஸில் ரெய்டு என்று டல்ஹௌசி முழுக்கப் பேச்சு கிளம்பியது. பத்துப் பன்னிரண்டு மெஷின்களுக்கு முறையான லைசென்ஸ் வாங்க என்ன ஆகும் என்று முதலாளி விசாரித்தார். விலையைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ ஏதோ இலவச சி.டி. வைத்திருக்கிறாயாமே?"

வைத்திருந்தேன். பி.சி. குவெஸ்ட் இதழோடு வரும் லினக்ஸ் சி.டி. அது. தொண்ணூறுகளின் பின்பாதியில் இந்தியாவில் லினக்ஸைத் தொட்டவர்களில் பலருக்கு அந்த இதழ்தான் வாசற்படி. பத்து மணிநேர டயல்அப்பில்கூட முடிக்க முடியாத டவுன்லோடு, பத்திரிகைக் கடையில் இதழின் விலைக்கே கிடைத்தது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவுக்குக் கல்கத்தாவிலும் ஒரு கிளை இருந்தது. மாணவர்கள், பேராசிரியர்கள், கொஞ்சம் இடதுசாரி வாசனை, நிறைய டீ. அறிவு தனியுடைமை ஆகக் கூடாது என்று அவர்கள் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். இந்த ஊருக்கு ஏற்ற பேச்சு அது. ஆனால் அவர்கள் ஆபீஸில் ஏற்றுமதி இன்வாய்ஸ் அடிக்க வேண்டியதில்லை.

முதலில் உயிரை எடுத்தது மோடம். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது கல்கத்தாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெட்டிக்குள்ளேயே செருகும் மலிவு மோடம்கள் சாந்தினியில் குவிந்தன. அவை மலிவாக இருந்ததற்குக் காரணம், மோடம் செய்யவேண்டிய வேலையில் பாதியை விண்டோஸின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது. லினக்ஸில் அந்த அட்டை உயிரில்லாத தகடு. சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் வாங்கினால் பிரச்சினை தீரும். அதன் விலையோ உள் மோடத்தைவிடப் பல மடங்கு. இலவச இயங்குதளத்துக்காக நாங்கள் செலவழித்த முதல் பணம் அது.

அடுத்தது மின்வெட்டு. அன்றைய லினக்ஸ், கோப்புகளை எக்ஸ்ட்2 என்ற முறையில் வட்டில் எழுதும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் எது எழுதப்பட்டது, எது எழுதப்படவில்லை என்ற குறிப்பு அதனிடம் இருக்காது. திரும்ப எழும்போது வட்டு முழுவதையும் துழாவும். துழாவியும் குழப்பம் தீராவிட்டால் கறுப்புத் திரையில் நின்றுகொண்டு ரூட் கடவுச்சொல்லைக் கொடு, நீயே சரிசெய் என்று சொல்லிவிடும். விண்டோஸும் துழாவும்தான். ஆனால் நீலத் திரையில் ஒரு பட்டை ஓடும், முடிந்ததும் வேலை செய்ய விட்டுவிடும், உள்ளே எது உடைந்தாலும் வெளியே சொல்லாது. நேர்மையான இயங்குதளம் லினக்ஸ்தான், சந்தேகமே இல்லை. அந்த நேர்மையை யாரிடம் காட்டுகிறது என்பதுதான் சங்கடம்.

ஒரு கோடை லீவில் நான் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்குப் போயிருந்தேன். கும்பகோணத்தில் பக்கத்து வீட்டு டெலிபோனுக்கு எஸ்.டி.டி. வந்தது. மறுமுனையில் எங்கள் டிஸ்பாட்ச் பையன். கரண்ட் போய் வந்திருக்கிறது, சர்வர் எழவில்லை, கப்பல் பேப்பர்கள் எல்லாம் அதற்குள். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எஃப், எஸ், சி, கே, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஒய். அவன் வங்காளி, நான் சொல்லும் எஸ் அவனுக்கு எஃப் ஆகக் கேட்கிறது. பக்கத்து வீட்டு மாமி, "யாருக்குடா ஏபிசிடி சொல்லிக் கொடுக்கறே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சர்வர் எழுந்துவிட்டது.

ஆனால் அன்று எனக்கு ஒன்று உறைத்தது. விண்டோஸ் கோளாறாகியிருந்தால் அந்தப் பையன் கும்பகோணத்துக்கு ஃபோன் போட்டிருக்க மாட்டான். பத்து நிமிட நடையில் சாந்தினி இருக்கிறது. நூறு ரூபாய்க்கு எவனாவது ஒருவன் சி.டி.யோடு வந்து மாலைக்குள் சரிசெய்துவிட்டுப் போயிருப்பான். லினக்ஸ் தெரிந்தவன் அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான், நானும் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். 2001 கடைசியில் வந்த ரெட் ஹாட் 7.2 இதைவிடத் தேவலாம். எழுதுவதற்கு முன்பே குறிப்பு வைத்துக்கொள்ளும் எக்ஸ்ட்3 அதில் இருந்ததால் மின்வெட்டுப் பயம் பெருமளவு போனது. சாந்தினியில் ஆளில்லாத குறை மட்டும் எந்த வெளியீட்டிலும் தீரவில்லை.

கணக்குப் பிரிவின் கதை வேறு. 1986இல் தொடங்கிய டாலி, தொண்ணூறுகளில் இந்திய வியாபாரத்தின் பொதுப்பேரேடு ஆகிவிட்டது. பராபஜாரில் மார்வாடிக் கடைகளில் சிவப்புத் துணி போட்ட கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போட்டு, அதன் பக்கத்திலேயே டாலி ஓடும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பார்கள். அது லினக்ஸில் இல்லை. வைன் என்ற இடைத்தட்டை வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. சில திரைகள் வரும், சில வராது. எங்களுக்குக் கணக்கு எழுத வேறு மென்பொருள் இருந்தது. ஆனால் ஆடிட்டர் மார்ச் முடிந்ததும் கேட்பது டாலி ஃபைலை. அவரிடம் போய் மென்பொருள் சுதந்திரம் பேச முடியுமா? கடைசியில் கணக்கு அறையில் ஒரே ஒரு விண்டோஸ் மெஷின், லைசென்ஸோடு, திரும்ப வந்தது. பிறகு அரசாங்கமும் ஆடிட்டர் பக்கம் சேர்ந்துகொண்டது. வருமான வரித் துறை ரிட்டர்ன் நிரப்பக் கொடுத்த எக்ஸல் தாளில் மேக்ரோக்கள் இருந்தன. ஓபன் ஆபீஸில் தாள் திறக்கும், பட்டன் வேலை செய்யாது. சில அரசுத் தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அல்லாத பிரவுசரை உள்ளேயே விடாத காலம் அது.

பிரிண்டரைப் பற்றி விரிவாகச் சொல்லத் தோன்றவில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் லினக்ஸோடு ஒரு பேச்சும் இல்லாமல் ஓடின. உள்நாட்டில் செய்ததா, ஜப்பானில் செய்ததா என்ற பேதம்கூட இல்லை. மலிவு லேசர் பிரிண்டர்கள் வந்ததும் பழைய மோடம் கதை மறுபடியும் அரங்கேறியது. மூளையை விண்டோஸிடம் விட்டுவிட்டு வந்த இன்னொரு பெட்டி.

எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது மொழியில்தான். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அங்குர் என்ற தன்னார்வக் குழு லினக்ஸ் திரைகளை வங்காளியில் மொழிபெயர்க்க இறங்கியது. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த வங்காளிகள் சேர்ந்து செய்த வேலை அது. தமிழிலும் அதே காலத்தில், ஊர் ஊராக, நாடு நாடாகச் சிதறிக் கிடந்தவர்கள் கே.டி.இ. என்ற லினக்ஸ் திரைமுகத்தைத் தமிழாக்கினார்கள். பணம் வாங்காமல், ராத்திரி கண் விழித்து. அவர்கள் செய்தது பெரிய காரியம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் மெனு தமிழில் இருந்தும் எழுத்து உடைந்தது. "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் புள்ளிவட்டத்தில் தொங்கிக்கொண்டு ஒரு பக்கம். வங்காளிக் கூட்டெழுத்துகள் இன்னும் மோசம், ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டியவை வரிசையில் நிற்கும். ஒரு மென்பொருளில் சரியாகத் தெரிவது அடுத்ததில் உடையும். ஃபயர்ஃபாக்ஸ் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்த பிறகுதான் லினக்ஸில் நம் எழுத்துகள் எந்தத் தனி ஏற்பாடும் இல்லாமல் பிரவுசரில் ஒழுங்காக நின்றன.

அதற்குள் இங்குள்ள ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு மலரை நான் லினக்ஸில், யூனிகோடில், ராத்திரிகளில் உட்கார்ந்து அடித்து முடித்திருந்தேன். அச்சகத்தில் இருந்தது பேஜ்மேக்கர். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள், இந்திய மொழி யூனிகோடு அதற்குத் தெரியாது. இந்தியா முழுக்க அச்சுத்தொழில் அதன்மேல்தான் ஓடியது, ஒவ்வொரு எழுத்துருக் கம்பெனியும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்துக்கொண்டு. என் ஃபைல் அவர்கள் திரையில் கேள்விக்குறிகளாக விரிந்தது. காலேஜ் ஸ்ட்ரீட் வட்டாரத்தில் தமிழ் அச்சுக்கோக்கும் ஆள் கிடைப்பதே அபூர்வம். கடைசியில் முழு மலரையும் காகிதத்தில் அச்செடுத்து சென்னைக்கு அனுப்பி, அங்கே வேறொருவர் மறுபடி அடித்து வந்தது. எதிர்காலத்துக்குச் சரியான முறையில் அடித்திருந்தேன் என்று அமைப்பின் செயலாளரிடம் சொன்னேன். "மலர் பொங்கலுக்கு வரணும் சார்" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் காலடியில் தரையும் நகர்ந்தது. ரெட் ஹாட் நிறுவனம் 2003 மார்ச்சில் ஒன்பதாம் பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில், இலவச வரிசை இத்தோடு நின்றுவிடும் என்றும் அறிவித்தது. 2004 ஏப்ரல் கடைசியோடு ஒன்பதாம் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பணம் கொடுத்தால் எண்டர்பிரைஸ், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகம் மாறும் ஃபெடோரா. மூலநிரல் எல்லோருக்கும் சொந்தம் என்பதில் பொய் இல்லை. ஆனால் அதைப் பராமரிக்கும் கைகள் எப்போது வேண்டுமானாலும் வேறு வேலைக்குப் போகலாம், சின்ன ஆபீஸ்காரன் அதைத் தடுக்க முடியாது. பிற்காலத்தில் ரெட் ஹாட் வழிவந்த இலவச சென்ட் ஓஎஸ்ஸின் எட்டாம் பதிப்பை 2021 முடிவிலேயே நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தபோது இளைஞர்கள் கொதித்தார்கள். எனக்குப் பழைய படத்தை மறுவெளியீட்டில் பார்ப்பது போலிருந்தது.

அரசாங்கங்களே முன்னால் நின்றபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட்டேன். ஜெர்மனியின் முனிச் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. சுமார் 15,000 மெஷின்களை மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அரசியல் காரணங்களும் அதில் இருந்தன. ஆனால் வெளியிலிருந்து வரும் ஆவணங்களோடு ஒத்துப்போகாத தொல்லையைப் பற்றி ஊழியர்கள் புலம்பியதும் உண்மை. தமிழ்நாட்டில் சி. உமாசங்கர் அரசின் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த 2006-07 காலத்தில் ஆபீஸ் மெஷின்களை சூஸே லினக்ஸுக்கு மாற்றினார், பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கும் அதையே கொண்டுபோனார். அதே நேரத்தில் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தபோது ஒரே பெட்டியில் விண்டோஸும் பாஸும் இருந்தன. என் தங்கை மகளுக்கும் ஒன்று கிடைத்தது. பாஸைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். "அது தப்பா வர்ற பக்கம் மாமா, உடனே ரீஸ்டார்ட் பண்ணிடுவேன்" என்றாள். ஊரில் எந்தக் கடைக்காரனுக்கும் தெரியாததை அவளுக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

கேரளத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். பத்தாம் வகுப்பு கம்ப்யூட்டர் பரீட்சையையே கட்டற்ற மென்பொருளில் வைத்தார்கள். கேள்வி கேட்க ஒரு டீச்சர், பக்கத்து வீட்டில் ஒரு அண்ணன், எதிர்த்த கடையில் ஒருவன் என்று தெரிந்தவர்கள் முளைத்தார்கள். சாந்தினியில் விண்டோஸுக்கு நடந்தது அங்கே லினக்ஸுக்கு நடந்தது. மேற்கு வங்காளத்தில் கம்யூனிஸ்டுகள் 34 ஆண்டு தொடர்ந்து ஆண்டார்கள். கேரளத்தில் அப்போது மாறி மாறித்தான் ஆண்டார்கள். கட்டற்ற மென்பொருள் ஏன் அங்கே வேர் பிடித்தது, இங்கே டீக்கடைப் பேச்சாகவே நின்றது என்று பயனர் குழு நண்பர்களிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவர்கள் ஒருமுறைகூடப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவில்லை. கெர்னலைப் பற்றிப் பேசினார்கள்.

நான் ரிடையர் ஆகும்போது எங்கள் ஆபீஸ் வந்து நின்ற நிலை இது. உள்ளறையில் யார் கண்ணிலும் படாத ஃபைல் சர்வர், லினக்ஸ். அது வருடக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது. மனிதர்கள் உட்காரும் மேஜைகளில் விண்டோஸ், இப்போது லைசென்ஸோடு. டல்ஹௌசியில் விசாரித்தவரை பல ஆபீஸ்களிலும் இதே பங்கீடுதான். வெளியாரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் லினக்ஸ் ராஜா.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற மறுக்கும் பழைய மெஷின்களை வைத்துக்கொண்டு லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சிலர் என்னிடம் வருகிறார்கள். லினக்ஸ் போட்டுவிடலாமா மாமா என்று கேட்கிறார்கள். வீட்டில் என்ன பிரிண்டர் இருக்கிறது, வரி ரிட்டர்ன் யார் போடுகிறார்கள், பசங்க ஆன்லைனில் பரீட்சை எழுதினால் அதற்கு எந்த மென்பொருள் கேட்கிறார்கள் என்று விசாரிப்பேன். பாட்டு, படம், பேரனோடு வீடியோ பேச்சு, பேங்க் பக்கம் இவ்வளவுதான் என்றால் அன்றே போட்டுக் கொடுத்துவிடுவேன். அப்படிப் போட்ட மெஷின்கள் நன்றாகவே ஓடுகின்றன. மற்றவர்களைப் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைக்கச் சொல்லி, புதிதாக ஒன்று வாங்கி அதில் முயற்சி செய்யச் சொல்வேன். எஸ்.எஸ்.டி. சாந்தினியிலேயே கிடைக்கிறது. கடைப் பையன் "உபுண்டு வேணுமா, மின்ட் வேணுமா தாதா?" என்று அவனே கேட்டான் போன வாரம்.